நான் பதிந்த ஏரிக்கரைக் காணி

என்னுடைய அக்காவும் அத்தானும் ரொறன்ரோவில் இருக்கிறார்கள். அக்கா போய் முப்பது வருசத்துக்கு மேலாகிறது. போன புதிதில் தொலைபேசி எடுத்தால் குளிரைப் பற்றித்தான் கதைப்பா. பிறகு சில வருசம் வேலையைப் பற்றி. பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டுக்குப் போன பிறகுதான் கேம்பிங் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஒவ்வொரு கோடைக்கும் நகரத்திலிருந்து கொஞ்சத் தூரம் காரில் போய், காடாகவே விட்டு வைத்திருக்கும் ஏதாவதொரு பார்க்கில் கூடாரம் அடித்துப் படுத்துவிட்டு வருவார்கள். படங்கள் வரும். அத்தான் அரைக் காற்சட்டையோடு விறகு கொத்துவார். அக்கா தொப்பி போட்டுக்கொண்டு ஏரியைப் பார்ப்பா. விறகைக் கடையில் வாங்கித்தான் கொத்துகிறார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

நான் திருகோணமலையில் ஒரு பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். வட அமெரிக்காவின் பேரேரிகளைக் கரும்பலகையில் எத்தனையோ தரம் வரைந்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டும் வரைவேன். ஒன்றிலும் கால் நனைத்ததில்லை. அதனால் போன வருசத் தொடக்கத்தில் அக்கா, "ஓகஸ்ட் லீவுக்கு ரெண்டு பேரும் இஞ்சை வாங்கோ, எல்லாருமாக் கேம்பிங் போவம்" என்று சொன்னபோது, யோசித்துச் சொல்கிறேன் என்று மரியாதைக்குக்கூட நான் சொல்லவில்லை. உடனே ஓம் என்றேன்.

மனைவிதான் கேட்டாள். "கேம்புக்குப் போறதுக்கோ இவ்வளவு தூரம்?"

அவள் தம்பலகாமத்துப் பிள்ளை. வேளாண்மைக் குடும்பம். கலியாணம் முடித்து ரவுணுக்கு வந்து, இப்போது காலையில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். மகள் யாழ்ப்பாணத்தில் கம்பஸில் படிப்பதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் பக்கத்தில் கேம்ப் என்றால் இரண்டே அர்த்தம். ஒன்று ஆமிக் கேம்ப். மற்றது அகதிகள் இருந்த கேம்ப். இரண்டுக்கும் ஆரும் விரும்பிப் போனதாகக் கேள்விப்படவில்லை. மூன்றாவது அர்த்தத்தை அவளுக்கு விளங்கப்படுத்த எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

கோடையில் அந்தப் பார்க்குகளில் இடம் பிடிப்பது லேசில்லை என்று அக்கா சொன்னா. மாதக்கணக்கில் முன்கூட்டியே இணையத்தில் பதிய வேண்டும். அங்கே விடியக் காலையில் கதவு திறக்குமாம். திறந்த கையோடு நல்ல இடமெல்லாம் போய்விடுமாம். அத்தானும் அக்காவும் ஆளுக்கொரு கணினியில் இருந்து அமத்துவார்கள், எங்கிருந்து அமத்தினாலும் ஒன்றுதான், நீயும் திருகோணமலையிலிருந்து ஒரு கை பார் என்று அக்கா எனக்கும் இணைப்பை அனுப்பினா.

அங்கே விடியும்போது இங்கே பின்னேரம். நான் பள்ளிக்கூடத்தால் வந்து, உடுப்பும் மாற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தேன். போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அத்தானுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அக்காவுக்குக் கக்கூசுக்குப் பக்கத்தில் ஒரு இடம் வந்து, யோசிப்பதற்குள் அதுவும் போய்விட்டது. எனக்குத்தான் கிடைத்தது. ஏரிக்கரையோடு ஒரு துண்டு, மூன்று இரவுக்கு.

எங்கள் மாவட்டத்தில் காணி என்ற சொல்லைக் கேட்டாலே ஆட்களின் முகம் மாறும். எது காடு, எது வயல், ஆரிடம் உறுதி இருக்கிறது, ஆரிடம் பெர்மிட் இருக்கிறது என்று ஆயுள் முழுக்க அலைந்தவர்களை எனக்குத் தெரியும். எந்த அரச கந்தோருக்கும் ஏறி இறங்காமல், ஒரு சாட்சியும் இல்லாமல், குசினிக்குள் இருந்தபடியே ஏரிக்கரையில் எனக்கு ஒரு காணி கிடைத்துவிட்டது. அண்டைக்கு முழுக்க நான் ஒரு மாதிரி நிமிர்ந்துதான் நடந்தேன். மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டு, "விசா கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டாள்.

விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை என்றேன்.

"அப்ப படுக்க இடம் கிடைச்சிட்டுது. நாட்டுக்குள்ளை போகத்தான் கிடைக்கேல்லை."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் திட்டமிடல் நடந்தது. அத்தான்தான் நடத்துவார். அவர் இங்கே இருந்த காலத்தில் பக்கத்து ஊரான சல்லிக்குச் சைக்கிளில் போய் வருவதையே பெரிய பயணமாகச் சொல்லிக்கொண்டு திரிந்த மனுசன். இப்போது காட்டைப் பற்றி ஒரு அதிகாரியைப் போலக் கதைத்தார். கூடாரத்தை எந்தப் பக்கம் பார்த்து அடிப்பது, நெருப்பை எப்படி மூட்டுவது, நுளம்புக்கு எதைப் பூசுவது. ஒரு ஞாயிறு கரடியைப் பற்றியது.

"சாப்பாட்டுச் சாமான் ஒண்டையும் கூடாரத்துக்குள்ளை வைக்கப்படாது. மணத்துக்குக் கரடி வரும். எல்லாத்தையும் காருக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போடவேணும்."

மனைவி அதுவரைக்கும் பின்னால் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். போனுக்கு முன்னால் வந்தாள்.

"சாப்பாட்டைக் காருக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டு, நாங்கள் வெளியிலை துணிக்குள்ளை படுக்கிறதோ?"

"அங்கத்தைக் கரடி மனுசரைத் தின்னாது" என்றார் அத்தான்.

"எங்கடை யானையும்தான் தின்னாது."

கூட்டம் கரடியிலிருந்து மழைக்கு மாறியது.

இன்னொரு ஞாயிறு அக்கா, அதிஷ்டம் இருந்தால் விடியக் காலையில் மான் பார்க்கலாம் என்றா. மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டுமாம். நான் போனைத் தூக்கிக்கொண்டு வாசல் படலைக்குப் போனேன். எங்கள் ஒழுங்கைக்குள் மான்கள் நிற்காத நாளில்லை. கோட்டைப் பக்கமிருந்து வந்து, பஸ் ஸ்ராண்டில் பாண் துண்டு தின்று, மதகில் படுத்துவிட்டு, பின்னேரம் வாழைப்பழத்தோலுக்கு எங்கள் வாசலுக்கு வரும். அண்டைக்கும் ஒன்று நின்றது. பொலித்தீன் பை ஒன்றைச் சப்பிக்கொண்டு கமெராவைப் பார்த்தது.

"அது ரவுண் மான்" என்றா அக்கா. "இது காட்டு மான்."

அக்காவுடன் அப்படி லேசாகக் கதைத்துக்கொண்டு வந்தபோதுதான் ஒரு நாள் வாய் தவறி அந்தக் கதையைத் தொட்டுவிட்டேன். நாங்களும் கூடாரத்தில் இருந்தவர்கள்தான். நான் சின்னப் பெடியன், அக்கா பெரிய பிள்ளை. வீட்டை விட்டுப்போட்டு ஓடி, ஒரு பள்ளிக்கூட வளவில் ஆரோ தந்த நீல நிறக் கூடாரத்தில் ஒரு மாரி முழுக்கக் கிடந்தோம். பகலில் உள்ளே இருக்க ஏலாத வெக்கை. மழை பெய்தால் நாலு பக்கத்தாலும் தண்ணி. அக்கா மழைக்குள் எழும்பிப் போய்ப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நிற்பா. அம்மா கூப்பிட்டாலும் வரமாட்டா. அங்கிருந்துதான் கொஞ்சக் காலத்தில் வெளிநாடு போனவ.

"நினைவிருக்கோ அக்கா, இனிக் கூரையில்லாத இடத்திலை படுக்கமாட்டன் எண்டு அப்ப சொன்னனீங்கள்" என்றேன் நான்.

போன் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். நிற்கவில்லை.

"அதுவும் இதுவும் ஒண்டோ தம்பி" என்றா. "இது நாங்கள் புக் பண்ணிப் போறது."

விசா அலுவலுக்கு ரவுணில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரிடம் போனோம். கிண்ணியாக்காரர். குளிரூட்டிய சின்ன அறை, சுவரில் தெரியாத ஊர்களின் படங்கள். என்ன நோக்கத்துக்காகப் போகிறீர்கள் என்ற இடத்துக்கு வந்ததும் நான் பெருமையோடு கேம்பிங் என்றேன். பதிந்த இடத்தின் வரைபடத்தையும் போனில் எடுத்துக் காட்டினேன். அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சேர், கேம்ப் எண்ட சொல்லே இதில வரப்படாது. ட்ரிங்கோமலையில இருந்து ஒரு தமிழாள் கேம்புக்குப் போறன் எண்டு எழுதினா அவங்க வேற மாதிரி விளங்கிக்குவாங்க. போன மனிசன் திரும்பி வரமாட்டான் எண்டு நெனப்பாங்க. சகோதரியைப் பார்க்க எண்டு போடுவம்."

"உண்மையிலை கேம்பிங்தானே" என்றேன்.

"உண்மைதான் சேர். அதுக்காக எழுத ஏலுமா?"

சகோதரியைப் பார்க்க என்று போட்டோம். கொழும்புக்குப் போய் விரல் அடையாளமும் கொடுத்துவிட்டு வந்தோம். காத்திருந்த நாட்களில் நான் வேலைகளை நிறுத்தவில்லை. வெப்பநிலை பார்த்தேன். ஏரியின் ஆழம் பார்த்தேன். எங்கள் இடத்திலிருந்து தண்ணிக் குழாய்க்கு எவ்வளவு தூரம், கக்கூசுக்கு எவ்வளவு தூரம் என்று மேலிருந்து எடுத்த படத்தில் அளந்தேன். பத்தாம் வகுப்புக்குத் தேசப்படம் வாசிக்கப் படிப்பித்தபோது அந்தப் பார்க்கின் படத்தையே உதாரணமாகப் போட்டேன். பிள்ளைகள் அந்தக் காட்டைத் தங்கள் ஊரைப் போலத் தெரிந்து வைத்திருந்தார்கள். சோதனைக்கு அது வரவில்லை.

மனைவி ஒன்றிலும் ஈடுபாடு காட்டவில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அலுமாரியில் என் சாரத்தைத் தேடியபோது, அவளுடைய சேலைகளுக்கு அடியில் புதுக் கம்பளிக் காலுறை ஒரு சோடி இருந்தது. விலைத்துண்டுகூடக் கழற்றவில்லை. நான் திருப்பி வைத்துவிட்டேன். கேட்கவில்லை.

கடவுச்சீட்டுகள் வந்தன. அவளுடையதில் விசா ஒட்டியிருந்தது. என்னுடையது போனபடியே வந்திருந்தது. கூட ஒரு கடிதம். பயணம் முடிந்து நான் திரும்பிப் போவேன் என்பதில் அவர்களுக்குத் திருப்தியில்லையாம்.

இரண்டு கடவுச்சீட்டையும் கொண்டுபோய் அந்தக் கிண்ணியாக்காரரிடம் காட்டினேன். அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தன் அனுபவத்தில் இப்படி வருவது குறைவு என்றார். பிறகு எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு விளக்கம் சொன்னார்.

"ஒராள் இங்க நிண்டாத்தானே சேர் மத்தாள் திரும்பி வருவா. உங்களப் பிணை மாதிரி வச்சிரிக்காங்க."

திட்டம் போட்டவன் பிணை. அண்டைக்கு இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி தான் போகப் போவதில்லை என்றாள். அக்கா வீடியோவில் வந்து அழுதா, கோபித்தா, பிறகு மச்சாளாவது வரட்டும் என்றா. அத்தான், பதிந்த இடத்தை இனி ரத்துச் செய்ய ஏலாது என்றார். மனைவி எல்லோருக்கும் மாட்டன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் அப்படிச் சொல்வது நல்லாகத்தான் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் காலுறை என் கண்ணுக்குள் நின்றது. இந்தப் பெண் எங்களுடைய இருபத்தைந்து வருசக் குடித்தனத்தில் தனக்கென்று எங்கேயும் போனதில்லை. போனதெல்லாம் தம்பலகாமம், ஆஸ்பத்திரி, மகளுடைய கம்பஸ்.

"நீர் போம்" என்றேன் ஒரு காலையில். "போய்ப் பார்த்துப்போட்டு வந்து சொல்லும்."

"உங்களுக்கு ஆர் சமைக்கிறது?"

"நான் சமைப்பன்."

அவள் என்னைப் பார்த்த விதத்தில் சிரிப்பும் இருந்தது, பயமும் இருந்தது. பிறகு எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தாள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எங்களுடைய வான் நின்ற இடத்திலிருந்து கண்ணாடிக் கதவு வரைக்கும் அவளுக்கு நான் பார்க்கின் வழியை விளங்கப்படுத்திக்கொண்டே போனேன். கூடாரத்துக்கு வலது கைப் பக்கம் தண்ணிக் குழாய். நேரே போனால் ஏரி. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் இடது பக்கம். அவள் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றாள். உள்ளே போன பிறகு ஒரு தரம்தான் திரும்பிப் பார்த்தாள். பெட்டி வண்டில் ஒரு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

பாடசாலை விடுமுறை தொடங்கியது. வீட்டில் நான் தனியே பருப்பும் சோறுமாகச் சமைத்துச் சாப்பிட்டேன். மான்கள் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போயின. அப்போதுதான் மாமா கூப்பிட்டார். மாமா என்றால் மனைவியின் தகப்பன். அவருக்குத் தம்பலகாமத்தில் வயல். சிறுபோக வேளாண்மை, நெல் விளைந்து வெட்டுக்கு நின்ற நேரம். ஒவ்வொரு வருசமும் அந்த நேரத்தில் யானை இறங்கும். இரவில் வயலுக்குள் குடில் போட்டுக் காவலுக்குப் படுப்பார்கள். அவரோடு வழமையாகப் படுக்கும் பக்கத்து வயல்காரர் ஏணியால் விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறாராம்.

"தம்பி, உங்களுக்கு லீவுதானே" என்றார் மாமா. "சும்மா வந்து பக்கத்திலை படுத்தாக் காணும். கதைக்க ஒராள் வேணும்."

மறுக்க ஒரு காரணமும் என்னிடம் இருக்கவில்லை. சமையலும் அலுத்துவிட்டது. பையில் இரண்டு சாரமும் டோர்ச்சும் போனும் வைத்துக்கொண்டு கண்டி வீதி பஸ்ஸில் ஏறினேன். இந்த இடத்தில் தண்ணிக் குழாய்க்கு எவ்வளவு தூரம் என்று நான் ஒரு தரமும் பார்க்கவில்லை.

குடில் நாலு கம்பில் ஆளுயரத்துக்கு மேலே நின்றது. பலகைத் தட்டு, தகரக் கூரை, மூன்று பக்கம் கிடுகு. ஏற ஒரு ஏணி. அதில் ஒரு படி இல்லை. சுற்றிவரப் பொன்னிறமாய் வேளாண்மை, அதற்கப்பால் பற்றைக்காடு. மாமாவைப் பற்றி நான் ஒரு எண்ணம் வைத்திருந்தேன். இருட்டில் யானையின் மூச்சைக் கேட்டே இனம் சொல்லும் மனுசன் என்று. அவர் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு போனில் குத்துச்சண்டை பார்த்துக்கொண்டிருந்தார். யானை வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நாய் குலைக்கும்" என்றார்.

"நாய் எங்கை?"

"அது வீட்டிலை."

அண்டைக்கு இரவு யானை வரவில்லை. மாமா நல்லாக நித்திரை கொண்டார். நான் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழும்பி இருந்தேன். நுளம்பு கடித்தது. பலகை முதுகில் குத்தியது. விடிந்தபோது வயலின் மேல் பனிப்புகார் படிந்து கிடந்தது. கொக்குகள் வரம்பில் நின்றன. வடிவாகத்தான் இருந்தது. படம் எடுத்தேன். அனுப்ப வெட்கமாக இருந்தபடியால் அனுப்பவில்லை.

அடுத்த நாள் பின்னேரம், பொழுது படுகிற நேரம், மனைவி வீடியோவில் வந்தாள். அங்கே விடிந்து இரண்டு மணித்தியாலம் இருக்கும். பட்டணத்துக்குக் கிட்டவான பார்க் என்றபடியால் சிக்னல் நல்லாக இருந்தது. தம்பலகாமத்திலும் எப்படியோ இருந்தது. அவள் அக்காவின் கம்பளிச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள். பின்னால் என் ஏரி.

"மழையோ?" என்று கேட்டேன். மரங்கள் நனைந்திருந்தன.

அவள் திரும்பிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நடந்தாள். குரலைக் குறைத்தாள்.

"இரவு நல்ல மழை. மழை தொடங்கின கையோடை மச்சாள் எழும்பிக் காருக்குள்ளை போயிட்டா. அத்தானும் பின்னாலை போனார். சாப்பாட்டுச் சாமானோடைதான் ரெண்டு பேரும் படுத்தவை. காலமை அத்தான் எனக்குச் சொன்னார், ஒவ்வொரு வருசமும் இப்பிடித்தானாம். கூடாரத்திலை மழை விழுகிற சத்தம் மச்சாளுக்கு ஏலாதாம். நீங்கள் கேட்டுப்போடாதேங்கோ."

நான் கேட்கவில்லை. எனக்கு அந்தப் பள்ளிக்கூடத் தாழ்வாரம் முன்னால் வந்து நின்றது. ஏலாது என்றால் ஏன் ஒவ்வொரு வருசமும் போகிறா என்று நினைத்தேன். போகாமல் இருக்கவும் ஏலாமல் இருக்கும் என்றும் நினைத்தேன். இதெல்லாம் அக்காவுக்கே தெரியுமோ என்னவோ.

"அப்ப நீர்?"

"நான் கூடாரத்துக்குள்ளைதான். நல்ல நித்திரை."

அவள் அதைச் சொல்லி முடிக்கவில்லை, மாமா என் தோளைப் பிடித்தார். பற்றைக்காட்டு ஓரத்தில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஒரு யானை நின்றது. வந்ததை நாங்கள் இரண்டு பேரும் காணவில்லை. ஏற்கெனவே அங்கே முளைத்திருந்ததைப் போல நின்றது. தனி ஆண் யானை. காது ஆடியது.

"என்ன?" என்றாள் மனைவி.

நான் ஏணிப் பக்கம் நின்றபடியே, ஏணியும் படத்துக்குள் விழ, போனைத் திருப்பிக் காட்டினேன்.

அவளுக்குப் பின்னால் அத்தானின் குரல் கேட்டது. "என்னது, யானையோ? இஞ்சை வாரும் இஞ்சை வாரும்" என்று அக்காவைக் கூப்பிட்டார். அக்கா பல் துலக்கினபடி ஓடி வந்தா. பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதியையும் அத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். அவர்களின் முகங்களும் திரைக்குள் வந்தன. மாதக்கணக்கில் காத்திருந்து, இணையத்தில் இடம் பிடித்து, காடு பார்க்கப் போனவர்கள் எல்லோரும் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தம்பலகாமத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

யானை வாய்க்காலைத் தாண்டி வயலுக்குள் இறங்கியது.

மாமா யானை வெடியைக் கையில் எடுத்தார். கொழுத்தி எறிந்தால் பெரிய சத்தத்தோடு வெடிக்கும் வெடி. நெருப்புப்பெட்டியைத் தட்டியபோது அத்தான், "மாமா, கொஞ்சம் பொறுங்கோ, இவை பார்க்கினம்" என்றார்.

மாமா பொறுத்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காதது. தன் வயலை யானை தின்றுகொண்டிருக்க, கையில் வெடியோடு, கனடாவிலிருந்து பார்ப்பவர்களுக்காக அவர் பொறுத்துக்கொண்டு நின்றார். சேட்டின் பொத்தானைக்கூட ஒரு கையால் பூட்டினார். யானை நெற்கதிரைச் சுருட்டிச் சுருட்டி, வேரோடு பிடுங்கி, காலில் அடித்து மண்ணை உதறி, ஆறுதலாகத் தின்றது. அங்கே படம் ஆடியிருக்கிறது. கையை ஆட்டாமல் பிடி என்று அத்தான் சொன்னார்.

மனைவியின் குரல்தான் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு வந்தது.

"அப்பா, என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்? கொழுத்துங்கோ. இவர் ஏணிப் பக்கம் நிக்கிறார், உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ."

முதல் வெடி நமுத்துப் போயிருந்தது. சீறிவிட்டு அணைந்தது. யானை தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது. குடில் அவ்வளவு உயரமில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாமாவின் கையிலிருந்து இரண்டாவது நெருப்புக்குச்சி விழுந்தது. நான் போனைப் பலகையில் வைத்துவிட்டு நெருப்புப்பெட்டியை வாங்கித் தட்டினேன். அவர் வெடியைப் பிடித்தார், நான் கொழுத்தினேன், இரண்டு பேரும் சேர்ந்துதான் எறிந்தோம். நல்ல சத்தம். யானை திரும்பி, அவசரமில்லாமல், பற்றைக்காட்டுக்குள் போனது.

போனை எடுத்தபோது திரையில் தகரக் கூரைதான் தெரிந்துகொண்டிருந்திருக்கிறது. அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். வெள்ளைக்காரர் கை தட்டினார். அத்தான் முழுக்கப் பார்க்க முடியாமல் போனதைச் சொன்னார். மனைவி மட்டும், "ரெண்டு பேருக்கும் ஒண்டுமில்லையே" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளுடைய முகம் சரியாகும் வரைக்கும் நான் போனை வைக்கவில்லை.

விடிந்ததும் மாமாவோடு போய்ப் பார்த்தேன். வாய்க்கால் பக்கத்து மூலை நாசமாகியிருந்தது. தின்றதை விட மிதித்தது கூட. மாமா வரம்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்கடை அத்தானாக்களுக்கு வடிவாத் தெரிஞ்சுதாமோ?" என்று கேட்டார்.

தெரிந்ததாம் என்றேன்.

"ம்" என்றார். அவருக்கு அதில் கவலை எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அதன் பிறகு வெட்டு மெசின் வரும் வரைக்கும் ஒவ்வொரு இரவும் நான் குடிலில் படுத்தேன். நாயையும் கொண்டுவந்தோம். யானை எங்கள் பக்கம் வரவில்லை. நாய்தான் எல்லா இரவும் குலைத்தது.

மனைவி திரும்பி வந்தாள். விசாக்காரர் என்னைப் பிணையாக வைத்தது பிழைபோகவில்லை. கட்டுநாயக்காவிலிருந்து வானில் வரும்போது நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். தண்ணிக் குழாய் நான் சொன்ன இடத்தில் இருந்ததோ என்று கேட்டேன். அதை அவள் கவனிக்கவில்லை. கக்கூசில் சுடுதண்ணி வந்தது என்றாள். காட்டுக்குள் அப்படித் துப்புரவான கக்கூசைத் தான் நினைத்தும் பார்க்கவில்லையாம். மான் கண்டதோ என்று கேட்டேன். காணவில்லை. கரடியும் இல்லை. பூனையளவில் ஒரு பிராணி வந்து அத்தானின் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனதாம்.

ஹபரணை தாண்டியதும் நான் களைத்துப்போய்க் கேட்டேன். "அப்ப என்னதான் நல்லாயிருந்தது?"

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மழை பெய்த அண்டைக்கு, விடியக் காலமை, உங்களோடை கதைக்க முதல், நான் தனிய ஏரிக்கரையிலை போய் இருந்தனான். எல்லாரும் நித்திரை. வெளிச்சம் வரும் வரைக்கும் இருந்தன். ஒருத்தரும் வந்து தேத்தண்ணி கேக்கேல்லை."



வீட்டுக்கு வந்து பெட்டிகளை இறக்கியதும் நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சீனி கூடிப்போச்சு" என்றாள்.